முழங்கால் தேய்ந்தவனுக்குப் புதுச் செருப்பு

பதிவு நீளமானது. காபி குடித்துக்கொண்டே படியுங்கள். பழைய கார் வைத்திருப்பவர்களும், பழைய கார் வாங்கப் போகிற இளைஞர்களும் அவசியம் படிக்க வேண்டும். படித்துவிட்டுத் திட்டுவதாக இருந்தாலும் சரி.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து, பதினைந்து வருடம் ஓடிய காருக்கு ஷாக் அப்சார்பரும் புஷ்ஷும் மாற்றாமல் மேக் வீல் மாட்டுவது, முழங்கால் மூட்டு தேய்ந்துபோனவனுக்குப் பளபளவென்று புதுச் செருப்பு வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். நடை சரியாகாது. செருப்பு மட்டும் நன்றாக இருக்கும். அந்தச் செருப்பு காலுக்கு ஒரு சைஸ் பெரிதாகவும் இருந்துவிட்டால், இதுவரை விழாதவனும் விழுவான்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று சிலர் கேட்பீர்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, முப்பத்தைந்து வருடம் சுண்ணக்கட்டி பிடித்தவன். ஆறாம், ஏழாம், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவன். என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு மாருதி 800. இன்றும் தஞ்சாவூர் - பட்டுக்கோட்டை சாலையில் அதில்தான் போய்வருகிறேன். எட்டாம் வகுப்பு அறிவியலைத் தாண்டி இந்தப் பதிவில் ஒன்றும் இல்லை. அந்த அளவு அறிவியலைக்கூட விற்கிறவனும் வாங்குகிறவனும் மறந்துவிட்டார்கள் என்பதுதான் என் கோபம்.

முதலில் பாடம். சின்னப் பாடம்தான்.

சுருள்வில் ஒன்றை ஆணியில் மாட்டி, கீழே எடைக்கல் ஒன்றைத் தொங்கவிட்டு இழுத்து விடுங்கள். மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அடங்க வெகு நேரம் ஆகும். இப்போது அந்த எடைக்கல் ஒரு டம்ளர் எண்ணெய்க்குள் முங்கி இருக்கும்படி வைத்து இழுத்து விடுங்கள். ஒரு ஆட்டம், அரை ஆட்டம், அவ்வளவுதான். நின்றுவிடும். வகுப்பில் பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

உங்கள் காரின் நான்கு மூலையிலும் இதேதான் நடக்கிறது. பாரத்தைத் தாங்குவது சுருள்வில். அந்த வில்லின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பருக்குள் இருக்கும் எண்ணெய். ‘ஷாக்’ தான் பாரம் தாங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஷாக் செத்துப்போனாலும் கார் கீழே உட்காராது, வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வில் தன் இஷ்டத்துக்கு ஆடும். அது மேலே துள்ளும் நொடியில் டயர் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், அல்லது தரையைத் தொட்டும் தொடாமலும் உருளும்.

இந்த இடத்தில்தான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. பிரேக், ஸ்டியரிங் எல்லாமே கடைசியில் வேலை செய்வது டயர் தரையைத் தொடும் அந்த உள்ளங்கையளவு இடத்தில். தரையைத் தொடாத டயருக்கு பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. ஒரு பிள்ளை சைக்கிளோடு குறுக்கே வரும் அந்த ஒரு நொடியில் உங்கள் டயர் தரையில் இருந்ததா, காற்றில் இருந்ததா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு மேக் வீலின் பளபளப்பு பதில் சொல்லாது.

ஷாக் மட்டும் போதாது. லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், முன்பக்க ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் மவுண்ட் ரப்பர் எல்லாம் சேர்ந்ததுதான் சஸ்பென்ஷன். இதில் பாதி ரப்பர். ரப்பர் கார் ஓடினாலும் தேயும், நிறுத்தியே வைத்திருந்தாலும் காய்ந்து வெடிக்கும். ‘வண்டி இருபதாயிரம் கிலோமீட்டர்தான் சார் ஓடியிருக்கு, ஷெட்டுலயே நின்னுச்சு’ என்று பழைய கார் விற்கிறவர் சொன்னால் மயங்காதீர்கள். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாவிட்டாலும் ரப்பருக்கு வயது ஏறும். நமக்கு ஏறவில்லையா?

இனி குற்றவாளிகளைப் பார்ப்போம். மூன்று பேர்.

முதல் குற்றவாளி, அளவு தெரியாமல் மாட்டும் மேக் வீல்.

மாருதி 800க்குக் கம்பெனி கொடுத்த டயர் 145/70 ஆர் 12. இதற்கு அர்த்தம் தெரிந்து டயர் வாங்குகிறவர் எத்தனை பேர்? டயரின் அகலம் 145 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், அதாவது சுமார் 101 மில்லிமீட்டர். உள்ளே ரிம் 12 அங்குலம். மூன்றையும் வைத்துக் கணக்குப் போட்டால் சக்கரத்தின் மொத்த விட்டம் சுமார் 508 மில்லிமீட்டர். எட்டாம் வகுப்புக் கணக்குதான், போட்டுப் பாருங்கள்.

இப்போது ஒருவர் 13 அங்குல மேக் வீல் போட்டு 175/50 டயர் மாட்டுகிறார். மொத்த விட்டம் 505. ஏறக்குறைய அதேதான். ‘சைஸ் மேட்ச் ஆகுது சார்’ என்கிறார் கடைக்காரர். பொய் இல்லை. ஆனால் பக்கச் சுவர் 101இலிருந்து 87ஆகக் குறைந்துவிட்டது. அந்த 14 மில்லிமீட்டர் என்ன தெரியுமா? பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் தார்ச்சாலையின் விளிம்புக்கும் நடுவே இருந்த காற்று மெத்தை. அதை விற்றுத்தான் அழகு வாங்கியிருக்கிறீர்கள். நம் சாலையில் இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். பஞ்சர் கடையில் ஓரளவுக்காவது தட்டி நிமிர்த்தித் தருவார்கள், ஊர் போய்ச் சேரலாம். தரம் குறைந்த மேக் வீல் அடிபட்டால் விரிசல் விடும். விரிசலைக் கண்ணால் பார்ப்பதற்குள் காற்று இறங்கிவிடும். அதை வெல்டிங் வைத்து மறுபடி மாட்டி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல.

இன்னொருவர் வேறு வழி போகிறார். ரிம் அதேதான், ஆல்டோவின் 145/80 ஆர் 12 டயரை 800க்கு மாட்டுகிறார். ‘வண்டி கொஞ்சம் தூக்கிக்கும் சார், வேகத்தடையில இடிக்காது.’ உண்மை, விட்டம் 537 ஆகிறது, வண்டி 14 மில்லிமீட்டர் உயர்கிறது. ஆனால் உங்கள் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நீங்கள் உண்மையில் 63க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள். பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்குக்கும் அதே விகிதத்தில் கூடுதல் வேலை. 796 சிசி எஞ்சின் மேம்பாலம் ஏறும்போது கூடுதலாக மூச்சு வாங்கும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் உள்ளே எங்கும் உரசாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் எந்தக் கடைக்காரர் உங்களிடம் சொன்னார்?

ரிம்மில் அகலமும் துளையும் மட்டும் பார்த்தால் போதாது. போல்ட் வட்டத்தின் விட்டம் பொருந்த வேண்டும். மாருதி 800க்கு அது 114.3 மில்லிமீட்டர், ஸ்விஃப்டுக்கு 100. இரண்டுக்கும் நாலு போல்ட்தான் என்பதற்காக ஒன்று மற்றதற்குச் சேராது. நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்கார வேண்டும், இல்லாவிட்டால் இடைவெளியை அடைக்க வளையம் போட வேண்டும். ரிம் எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே உட்காருகிறது என்பதற்கு ஆஃப்செட் என்று ஒரு அளவு உண்டு. அது மாறிச் சக்கரம் வெளியே துருத்தினால் பார்க்க முறுக்கான ஆள் மாதிரிதான் இருக்கும். உள்ளே வீல் பேரிங் அழுதுகொண்டிருக்கும். ரிம் மாறினால் அதற்கேற்ற நட்டும் மாற வேண்டும். இரும்பு ரிம்முக்குப் போட்ட நட்டையே மேக் வீலுக்கும் போட்டு முறுக்கிவிட்டால், இறுக்கியது போலத் தெரியும், சரியாகப் பதிந்திருக்காது.

இரண்டாம் குற்றவாளி, வில்லை வெட்டும் பட்டறை.

கார் தரையோடு ஒட்டி நின்றால் அழகு என்று எங்கிருந்தோ ஒரு பித்து. அதற்கென்று அளவாகச் செய்த வில் விலை அதிகம் என்பதால், இருக்கிற வில்லில் ஒரு சுற்றை கட்டிங் மெஷினில் அறுத்துவிடுகிறார்கள். இதிலும் எட்டாம் வகுப்பு அறிவியல் இருக்கிறது. வில்லின் விறைப்பு, சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். ஆறு சுற்று வேலை செய்யும் வில்லில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். வில் கட்டையாகிவிட்டது, விறைப்பாகிவிட்டது, ஆனால் ஷாக் அதே பழைய ஷாக். விறைத்த வில்லை அடக்க அதற்குச் சக்தி போதாது. சக்கரம் மேலே ஏற இடமும் குறைந்துவிட்டதால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடித்தட்டு வரை போய் ‘டங்’ என்று இடிக்கும். அந்த இடி பாடிக்குப் போகும், பின் சீட்டில் இருக்கும் பாட்டியின் முதுகெலும்புக்குப் போகும். ஜாக்கி போட்டுத் தூக்கும்போது வெட்டிய வில் தன் இருக்கையை விட்டு நழுவக்கூடும். நழுவிய வில் இறங்கும்போது சரியான இடத்தில்தான் உட்கார்ந்தது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

மூன்றாம் குற்றவாளி, வில்லுக்கு நடுவே செருகும் ரப்பர் கட்டை. பஃபர் என்பார்கள்.

இதை வாங்குவது பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். பின்பக்கம் தாழ்ந்துவிட்டது. காரணம் என்ன? டிக்கியில் கேஸ் சிலிண்டர் தொட்டி, அதன் மேல் அரிசி மூட்டை, நாலு பேர் உட்கார வேண்டிய வண்டியில் ஆறு பேர், இப்படியே பதினைந்து வருடம். வில் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. களைத்த வில்லுக்கு வைத்தியம் புது வில். அதை விட்டுவிட்டு, இரண்டு சுற்றுகளுக்கு நடுவே ரப்பரைச் செருகி வண்டியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். அந்தச் சுற்றுகள் இனி வேலை செய்யாது. மற்ற சுற்றுகள் அதன் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டும். வேலைக்கு வராத ஆசிரியரின் வகுப்பையும் சேர்த்துப் பார்க்கிறவன் கதிதான். ஒரு நாள் அவனும் விழுவான்.

என் காருக்கே இது நடக்க இருந்தது. பின்பக்கம் குலுக்கல் அதிகமாக இருக்கிறது என்று ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் காருக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ‘நாலு மேக் வீல், நாலு புது டயர், பின்னால பஃபர், வண்டி புதுசு மாதிரி ஆயிடும் சார்’ என்று ஒரு தொகை சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் போனேன். அவர் செய்த முதல் காரியம், காரின் ஒவ்வொரு மூலையிலும் கையை வைத்து அழுத்தி விட்டதுதான். பின்பக்கம் மூன்று முறை ஆடியது. ‘சார், நீங்க எண்ணெய் டம்ளர் வச்சுக் காட்டினீங்களே, அந்த எண்ணெய் இதுல இல்ல’ என்றார். நான்கு ஷாக், பின்பக்க இரண்டு வில், முன்பக்க லோயர் ஆர்ம் புஷ், ஒரு பால் ஜாயின்ட், அதன் பிறகு அலைன்மென்ட். முதல் கடைக்காரர் சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. இரும்பு ரிம் அதேதான். கார் அதன் பிறகு தண்டவாளத்தில் போவது போலப் போகிறது.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். தெரியும், கீழே வந்து கேட்பீர்கள்.

‘சார், பழைய வண்டிக்கு இவ்வளவு செலவா? வித்துட்டு புதுசு வாங்குங்க.’ என் பிள்ளைகளே சொல்வதுதான். புதுக் கார் வாங்கி ஏழு வருடம் தவணை கட்டும் வயதில் நான் இல்லை. எல்லோருக்கும் அது முடியவும் முடியாது. பதினைந்து வருடம் ஆன காரைப் பரிசோதனைக்குக் காட்டி, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பித்துக்கொள்ள சட்டமே வழி விட்டிருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாயாக உயர்த்தினார்கள். கட்டணம் கட்டிப் பதிவு வாங்குகிறோம் அல்லவா, அந்த ஐந்து வருடம் வண்டி பாதுகாப்பாக ஓட வேண்டிய பொறுப்பும் அதோடு சேர்ந்துதான் வருகிறது.

‘என் நண்பன் ஆறு வருஷமா வெட்டின ஸ்பிரிங்ல ஓட்டுறான், ஒண்ணும் ஆகல.’ தம்பி, தலைக்கவசம் போடாமல் ஆறு வருடம் ஓட்டியவனும் இதையேதான் சொல்வான். ஒன்றும் ஆகாதவன்தான் உன்னிடம் வந்து பேசுகிறான். ஆனவன் பேச வரமாட்டான்.

‘அழகு வேண்டாமா?’ தாராளமாக வேண்டும். நான் அழகுக்கு எதிரி இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம்? முதலில் சுவரைப் பூசு. ஷாக், புஷ், வில் எல்லாம் சரி செய்துவிட்டு, கம்பெனி அனுமதித்த அளவிலேயே நல்ல தரமான மேக் வீல் போட்டுக்கொள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா பார். நல்ல ரிம் எடை குறைவாக இருக்கும், சக்கரம் லேசானால் சஸ்பென்ஷனுக்கும் வேலை குறையும். அது உண்மையான முன்னேற்றம். விலை குறைந்த பெரிய ரிம் பல நேரம் பழைய இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருக்கும். கடையிலேயே இரண்டையும் தராசில் வைத்துப் பார்க்கச் சொல். வைக்க மறுத்தால் பதில் கிடைத்துவிட்டது.

‘என் வண்டி, என் காசு, என் இஷ்டம்.’ சாலை உன்னுடையது இல்லையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று எழுதியிருக்கிறார்கள். அபராதத்தைக்கூட விடு. விபத்து நடந்தால், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ்காரர் கையை விரித்தால் எங்கே போவாய்?

‘ரோடு ஒழுங்கா இருந்தா நாங்க ஏன் சார் வண்டியத் தூக்கப் போறோம்?’ இந்த ஒரு கேள்விக்கு நான் தலை வணங்குகிறேன். இந்திய சாலைக் காங்கிரசின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய மேடாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் இடிக்காமல் ஏறி இறங்க அப்படி வகுத்தது. நம் தெருக்களில் இருப்பது என்ன? ஆளாளுக்குக் கொட்டி வைத்த சிமெண்ட் வரப்பு. வண்ணமும் கிடையாது, அறிவிப்புப் பலகையும் கிடையாது. இதை எதிர்த்து ஊராட்சியிலும் நகராட்சியிலும் மனு கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சாலை மோசம் என்பதற்காக வில்லை அறுப்பதும் ரப்பர் செருகுவதும் தீர்வாகாது. சாலை மோசமாக இருக்கும் ஊரில்தான் சஸ்பென்ஷன் ஒழுங்காக இருக்க வேண்டியது இன்னும் அவசியம்.

கடைசியாக, செய்ய வேண்டிய வரிசை. குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. காரின் நான்கு மூலையையும் அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழுந்து அடங்கினால் நல்லது. மேலும் மேலும் ஆடினால் ஷாக் போய்விட்டது. ஷாக்கின் உடம்பில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டு. டயரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். மேடும் பள்ளமுமாக, அலை அலையாகத் தேய்ந்திருந்தால் டயரைக் குறை சொல்லாதீர்கள். அது சஸ்பென்ஷன் எழுதிய புகார்க் கடிதம்.

மூன்று. பட்டறையில் ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகவும், பக்கவாட்டிலும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். மேல்கீழ் ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் பக்கம்.

நான்கு. ஷாக்கையும் வில்லையும் ஜோடியாக மாற்றுங்கள். இடது மட்டும், வலது மட்டும் என்று மாற்றாதீர்கள். கொஞ்சம் மேம்படுத்த ஆசை இருந்தால், அதே நீளத்தில் நல்ல கம்பெனியின் கேஸ் நிரப்பிய ஷாக் போடுங்கள்.

ஐந்து. புஷ், பால் ஜாயின்ட் மாற்றிய பிறகுதான் அலைன்மென்ட். தேய்ந்த புஷ்ஷோடு அலைன்மென்ட் பார்ப்பது, ஆடுகிற மேசையில் வரைபடம் போடுவது மாதிரி.

ஆறு. அதன் பிறகு டயர். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2419 என்றால் 2019ஆம் ஆண்டின் 24ஆம் வாரம் தயாரானது. ஸ்டெப்னியிலும் பாருங்கள், பல பேரின் ஸ்டெப்னி காரின் வயதே ஆகியிருக்கும்.

ஏழு. இத்தனையும் முடிந்து பையில் காசு மிச்சமிருந்தால் மேக் வீல். மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

இளைஞர்களே, பழைய காரை நேசித்து வைத்திருக்கிறீர்கள், அதற்காக உங்களை மதிக்கிறேன். 2014இல் மாருதி 800, அம்பாசிடர் இரண்டின் உற்பத்தியும் நின்றுவிட்டது. மிச்சமிருக்கும் வண்டிகளைக் காப்பாற்றப் போவது நீங்கள்தான். வண்டியை நேசிப்பவன் அதன் அடியில் குனிந்து பார்ப்பான். வெளியில் மட்டும் மினுக்குகிறவன் தன்னைத்தான் நேசிக்கிறான்.

என் வயதுக்காரர்களே, ‘வயசான வண்டி, சத்தம் போடத்தான் செய்யும்’ என்று சொல்லிக்கொண்டு ஓட்டாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பின் சீட்டில் ஏற்றுகிறோம். சீட் கவரும் பெர்ஃப்யூமும் வாங்கும் காசில் முதலில் இரண்டு புஷ் மாற்றுங்கள்.

மறுப்பு இருப்பவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள். கணக்கோடு வாருங்கள், கணக்கோடு பேசுவோம். பட்டறை நடத்தும் நண்பர்கள் நான் விட்டுவிட்டதைச் சேர்த்துச் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும். பகிர நினைப்பவர்கள் அனுமதி கேட்க வேண்டியதில்லை.